ஒரு முறைதான் எட்டிப் பார்த்தது

ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சி மொழிப் புத்தகம் கிடைத்தது. பிறந்தநாளுக்கு என்று நீ எழுதவில்லை. ஆனால் பிறந்தநாளுக்கு மறுநாள் வந்ததால் அப்படியே வைத்துக்கொண்டேன். மேலே சுற்றியிருந்த காகிதத்தில் உன் அலுவலக முகவரி இருந்தது. அதைக் கிழியாமல் பிரித்து என் வரலாற்றுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டேன், முகவரி உள்பக்கம் வருகிற மாதிரி. "யார் அனுப்பினது?" என்று அப்பா கேட்டார். "புத்தகம்பா" என்றேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லைதான். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

நீ சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டாய். எனக்குத் தனி போன் கிடையாது. அதனால்தான் கடிதம்.

நலம் விசாரிக்க மட்டும் எழுதவில்லை. நீ செய்த அழைப்பு விளக்கு வேலை செய்யவில்லை.

பிழையைப் பற்றி எழுதும்போது எதிரில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொல்வார். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். கோபப்படாதே.

அம்மாவுக்குக் காய்ச்சலில் காது போனது. பெல் சத்தம் கேட்கவில்லை. நீ பெல்லைக் கழற்றிவிட்டு, வாசல் பொத்தானிலிருந்து கம்பி இழுத்து, சீட்டுக்கட்டு அளவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டில் சேர்த்தாய். யாராவது பொத்தானை அழுத்தினால் கூடத்திலும் தையல் மிஷினுக்கு மேலேயும் விளக்கு மின்னும். சத்தமே கிடையாது. போன மழையில் கூரை ஒழுகி அந்த போர்டு செத்துவிட்டது. மிஸ் பள்ளிக்கூட அலமாரியிலிருந்து வேறொன்று கொடுத்தார். பெட்டி மூடியின் உள்பக்கம் நீ ஒட்டி வைத்திருந்த புரோகிராமை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அடித்து, ஏப்ரலில் பொருத்தினேன். நன்றாக மின்னியது. இப்போது மின்னவில்லை.

எங்கள் மூன்று பேரிடமும் சாவி இருப்பதால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அம்மா சட்டை தைத்துக் கொடுக்கும் சீருடைக் கடை ஆள் வந்து, அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். கடைக்காரர் அப்பா வேலை பார்க்கும் பேக்கரிக்கே வந்துவிட்டார். "வெட்டின துணிய மூட்டையோட தூக்கிட்டு வந்து, அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போறான் சார். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றாராம். இப்போது அம்மா கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தைக்கிறாள். கண்ட நாயும் உள்ளே வருகிறது.

இனிமேல்தான் விசித்திரம். பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னச் செயல்கூறு, அதாவது புரோகிராமின் ஒரு தனித் துண்டு, ஓடிவந்து 'வாசல்' என்ற மாறியில், அதாவது எண்ணைக் குறித்துவைக்கும் இடத்தில், 1 என்று எழுதும். இன்னொரு பக்கம் ஒரு லூப், வாசல் பூஜ்யமாக இருக்கும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். 1 ஆனதும் வெளியே வந்து விளக்கை மின்ன வைக்கும். எங்கே தவறுகிறது என்று பார்க்க, பள்ளி லேபில் கேபிள் போட்டு, புரோகிராமைத் திரையில் பேசவைத்தேன். முதல் வரியில் 'தொடங்கினேன்' என்று எழுதச் சொன்னேன். அது வரவே இல்லை. தொடங்கவே இல்லையோ என்று பயந்து, லூப்புக்குள்ளே 'பார்க்கிறேன்' என்று எழுதச் சொன்னேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது! விளக்கு மின்னுகிறது. அந்த வரியை எடுத்தால் மின்னவில்லை. திருப்பிப் போட்டால் மின்னுகிறது. நாம் பார்க்கும்போது ஒழுங்காக இருந்து, திரும்பினால் சும்மா இருக்கிறது, எங்கள் வகுப்பு மாதிரி. சரி, அந்த வரியோடேயே இருக்கட்டும் என்று வீட்டில் வைத்தால், கேபிள் இல்லாததால் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்து நின்றுவிடுகிறது.

ஏன்?

பதிலைப் பள்ளி முகவரிக்கு, நூலக மிஸ் பெயருக்கு அனுப்பு. அவர் மற்றவர்களின் கடிதத்தைப் பிரிக்க மாட்டார். நீ பதில் போடாவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன்.

உன் தங்கை

*

ஜூலை 14

ஏன்பாப்பாவுக்கு,

இன்னும் "ஏன், ஏன்" என்றே உயிரை எடுக்கிறாய். அதனால் பழைய பெயரை மாற்றவில்லை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

'தொடங்கினேன்' வராததற்குக் காரணம் உன் புரோகிராம் அல்ல. சி மொழியோடு வரும் லைப்ரரி, அதாவது தயார் செயல்கூறுகளின் தொகுப்பு, நீ எழுதச் சொன்னதை உடனே திரைக்கு அனுப்பாது. மடியில் முடிந்து வைத்துக்கொள்ளும். வரி முடிந்தது என்று நீ சொன்னால், அல்லது மடி நிரம்பினால்தான் அவிழ்க்கும். புதுவரிக் குறியைக் கடைசியில் சேர். எல்லோரும் முதலில் இதில்தான் விழுவார்கள். நானும் ஒரு நாள் முழுக்க விழுந்து கிடந்திருக்கிறேன். திரையில் தெரியவில்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்று முடிவு கட்டாதே.

மற்றதை ஊகத்தில் சொல்ல மாட்டேன். 'வாசல்' வருகிற எல்லா வரிகளையும் அப்படியே எழுதி அனுப்பு. "ஓர் எழுத்துகூட மாற்றவில்லை" என்று சொல்கிறவர்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

வீட்டு விஷயம் எழுத வேண்டாம். படித்தால் எனக்கு ஒரு வாரம் வேலை ஓடாது.

அக்கா

பி.கு. கூடத்து விளக்கு இன்னும் அப்பா நாற்காலிக்கு நேர் எதிரேதானா?

*

ஜூலை 21, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவரிக் குறி போட்டதும் 'தொடங்கினேன்' வந்துவிட்டது! லேபில் நான் கத்தியதில், பக்கத்தில் இருந்தவள் தன் புரோகிராமைச் சேமிக்காமல் மூடிவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீ கேட்ட வரிகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தேன். நீ சந்தேகப்படுவாய் என்று நூலக மிஸ்ஸிடம் கொடுத்து மூன்றாம் முறையும் சரிபார்த்தேன். அவருக்கு இதில் ஒன்றும் புரியாது. அதனால் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அதுதான் நல்லது.

வீட்டு விஷயம் எழுதவில்லை. ஆனால் எந்தச் சோதனைக்கும் சோதனைச் சூழலை எழுத வேண்டும், இல்லையா? கீழே இருப்பது அது.

சோதனைச் சூழல்: கூடம். விளக்கு நீ வைத்த இடத்திலேயே, அப்பா நாற்காலிக்கு நேர் எதிரே. பேப்பரைக் கொஞ்சம் தழைத்தாலே கண்ணில் படும். நாற்காலியின் இடது கை ஆடுகிறது. விடிவதற்கு முன் அடுப்படி வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பும் ஒருவர், ரொட்டி வாசனையோடு அதில் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறார்.

பொத்தானை அழுத்தியவர்: அம்மா. அவளே வெளியே போய் அழுத்திவிட்டு, உள்ளே ஓடிவந்து விளக்கைப் பார்த்தாள். "அதுக்குள்ள அணைஞ்சிருக்கும்மா, நீ ஒரே ஆளா ரெண்டு பக்கமும் நிக்க முடியாது" என்று வாயசைத்துச் சொன்னேன். "மின்னியிருந்தா சூடு இருக்கும்ல" என்று பல்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. இதை நான் ஒரு நல்ல சோதனை முறை என்றே நினைக்கிறேன்.

பக்க விளைவு: வாசலைப் பார்த்த மாதிரி மிஷினைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். இரண்டு தையலுக்கு ஒரு முறை நிமிர்கிறாள். கழுத்து வலி. இரண்டு சட்டையில் காலர் கோணலாகிப் பிரித்துத் தைத்தாள். பள்ளி திறந்த சமயம் என்பதால் கடைக்காரர் இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மூட்டை யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

உன் தங்கை

*

ஜூலை 29

ஏன்பாப்பாவுக்கு,

சோதனைச் சூழல் என்ற பெயரில் நீ செய்வது எனக்குப் புரிகிறது. பொருத்தமில்லாத தகவல்களைக் குறைத்துக்கொள்.

கழுத்துக்கு அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா?

வரிகளைப் பார்த்தேன். ஒரு சந்தேகம் இருக்கிறது, நிச்சயமில்லாமல் சொல்ல மாட்டேன். இரண்டு கேள்விகள்.

ஒன்று. உங்கள் லேப் மென்பொருளில், நீ எழுதியதை போர்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலருக்கு எத்தனை அமைப்புகள் இருக்கின்றன? நீ எதில் வைத்திருக்கிறாய்?

இரண்டு. விளக்கு எந்தத் தேதியிலிருந்து மின்னவில்லை? "ஜூன் வாக்கில்" என்றெல்லாம் வேண்டாம். சரியான தேதி வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் நான்தான் கொடுக்கிறேன். "உன் கை ரொட்டிக்கு மாவு பிசையற மாதிரி இருக்கு, உங்கப்பா புத்தி" என்கிறாள்.

உன் முதல் கேள்விக்குப் பதில்: இரண்டு அமைப்புகள். ஒன்று சோதனைக்கு, இன்னொன்று இறுதிக்கு. இறுதி அமைப்பில் கம்பைலர் தானே யோசித்து, தேவையில்லாத வேலையை எல்லாம் நீக்கி, புரோகிராமை வேகமாக்கும் என்று உதவிப் பக்கத்தில் இருந்தது. ஏப்ரலில் சோதனை அமைப்பில் செய்ததைப் பொருத்தியிருந்தேன். பிறகு முடிந்த வேலையைச் சோதனை அமைப்பில் விட்டுவைப்பது, தையல் முடிந்த சட்டையில் ஓட்டுத்தையலைப் பிரிக்காமல் விடுவது போல இருந்தது. அதனால் இறுதி அமைப்புக்கு மாற்றினேன்.

இரண்டாவது கேள்வி எனக்குச் சங்கடமானது. மாற்றியது மே 26, விடுமுறையின் கடைசி ஞாயிறு, மிஸ் எனக்காக லேபைத் திறந்து கொடுத்த அன்று. பெட்டியை நான்கு திருகு போட்டு மூடினேன். அழுத்திப் பார்க்கவில்லை. ஏற்கெனவே ஓடுகிற புரோகிராம், வேகம்தானே கூடியிருக்கிறது என்று நினைத்தேன். ஆகவே அன்றிலிருந்தே மின்னவில்லை. சோதனை அமைப்புக்கே திருப்பிப் பார்க்கலாம் என்றால் லேபைப் பரீட்சைக்காகப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வாரம்தான் திறப்பார்கள்.

தேதிக்கும் பிழைக்கும் என்ன சம்பந்தம்? கம்பைலருக்குத் தேதி தெரியுமா? நான் எவ்வளவோ யோசித்தும் புரியவில்லை.

சோதனைச் சூழல், சுருக்கமாக: அப்பா ஞாயிறுதோறும் நாற்காலி மேல் ஏறி அந்த விளக்கைத் துடைக்கிறார். மின்னாத விளக்கை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். "பல்பு நல்லாத்தான இருக்கு. அவ வச்சது. தூசி அடைஞ்சா வெளிச்சம் மங்கிடும்" என்றார். எவள் என்று நான் கேட்கவில்லை. ஆடுகிற நாற்காலியில் ஏறுகிறவரிடம் அதிகம் பேசக் கூடாது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 11

ஏன்பாப்பாவுக்கு,

முதலில் உன் "ஏன்"-க்குப் பதில்.

கம்பைலர் முட்டாளாக இருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அது கெட்டிக்காரத்தனமாக யோசித்ததுதான் வினை. உன் லூப்பைப் படிக்கிறது. இதற்குள்ளே 'வாசல்' என்பதை யாரும் மாற்றவில்லை என்று கண்டுகொள்கிறது. மாறாத ஒன்றை ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து போய்ப் பார்ப்பானேன் என்று நினைக்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கிறது. யாரும் இல்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காலம் முழுக்கச் சுற்றுகிறது. வெளியே ஆள் வந்து பொத்தானை அழுத்துகிறார், வாசல் 1 ஆகத்தான் ஆகிறது. ஆனால் போய்ப் பார்க்க ஆள் இல்லை.

லூப்புக்குள் நீ எழுத்து வரியைப் போட்டபோது, லைப்ரரியிலிருந்து ஒரு வெளியாளைக் கூப்பிட்டாய். வெளியாள் வந்துபோனால் வீட்டில் எதைத் தொட்டிருப்பானோ என்று கம்பைலருக்குச் சந்தேகம். ஆகவே ஒவ்வொரு முறையும் வாசலைத் திரும்பப் பார்த்தது. அதனால்தான் மின்னியது. சோதனை அமைப்பில் அது எதையும் யோசிக்காது, சொன்னதைச் செய்யும். அதனால் ஏப்ரலிலும் மின்னியது.

சரிசெய்வது சுலபம். வாசல் என்ற மாறியை அறிவிக்கிற வரியில் 'வாலடைல்' என்ற சொல்லைச் சேர். "இது உனக்குத் தெரியாமல் மாறக்கூடியது, நினைவில் இருப்பதை நம்பாதே, ஒவ்வொரு முறையும் போய்ப் பார்" என்று கம்பைலருக்குச் சொல்வது அது. வேலைக்குச் சேருகிறவர்களிடம் நாங்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று. நான் அந்த விளக்கைச் செய்தபோது எனக்கு அது தெரியாது. என் பழைய கம்பைலர் யோசிக்காத ரகம், பொறுத்துப்போனது. அதனால் என் பிழை எனக்கே தெரியவில்லை. நீ ஓர் எழுத்துகூட மாற்றவில்லை என்பது உண்மைதான். தப்பு நான் எழுதியதிலேயே இருந்தது. உன் மேல் எதுவும் இல்லை. பெட்டிக்கு நான்கு திருகு போட்டதுதான் அதிகம், இரண்டு போதும்.

இப்போது தேதி.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, நான் வந்தேன்.

மத்தியானம். நீ வழக்கம்போல் ஊர் நூலகத்தில் இருந்திருப்பாய். நம் தெருவில் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, முடியை வெட்டியிருக்கிறேன். "போறதுன்னா போ. ஆனா இனி என் வாசல்ல வந்து நிக்காதே" என்று அப்பா சொன்ன அதே வாசலில் நின்று, பொத்தானை அழுத்தினேன். ஜன்னல் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதில் அப்பாவின் முழங்கால் தெரிந்தது. விரித்த பேப்பர் தெரிந்தது. விளக்கு அவருக்கு நேர் எதிரே. வைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? பகல் வெளிச்சத்தில் மின்னியதா என்று வெளியிலிருந்து தெரியாது. மின்னாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் செய்ததாயிற்றே.

இன்னொரு முறை அழுத்தினேன். பேப்பர் அசையவில்லை. மூன்றாம் முறை அழுத்தியபோது ஒரு பக்கத்தைப் புரட்டினார். அந்தச் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

அம்மாவுக்காக வாங்கி வந்த கழுத்துத் துண்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த வீட்டைப் பற்றி நினைப்பதில்லை என்று முடிவு செய்தேன். உனக்குப் புத்தகம் அனுப்பியது, நீ அதில் சேர்த்தி இல்லை என்பதால்.

மே 26 என்ற உன் எழுத்தைப் படித்தபோது அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் மாடிப்படியில் நின்றுகொண்டேன். பக்கத்து மேசைக்காரர் வந்து, "என்னங்க, புரோகிராம் ஏதும் நின்னுபோச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

இதை வீட்டில் சொல்லாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்காவுக்கு,

அன்புள்ள என்று வேண்டுமென்றேதான் போடவில்லை.

தட்டுவதற்கு உனக்குக் கை இல்லையா? மூன்று முறை பொத்தானை அழுத்த முடிந்தவளுக்கு, ஒரு முறை கதவைத் தட்ட முடியாதா? "அப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் தொண்டை தேய்ந்துவிடுமா? அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்! திரையில் தெரியவில்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்று முடிவு கட்டாதே என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. ஒரு விரற்கடை இடைவெளியில் ஒரு முழங்காலைப் பார்த்து முடிவு கட்டியவளும் நீ. நீயும் ஒரு முறைதான் எட்டிப் பார்த்தாய்.

இதை எழுதியபின் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லேபைத் திறந்தார்கள். அந்தச் சொல்லைச் சேர்த்தேன். இறுதி அமைப்பிலேயே, கேபிள் இல்லாமல், பேச்சு இல்லாமல் மின்னியது. வீட்டிலும் மின்னியது. இந்த முறை வெளியே நான், உள்ளே அம்மா. அவள் மிஷினை நிறுத்திவிட்டு விளக்கைப் பார்த்து, "வந்துட்டேன் வந்துட்டேன்" என்று எழுந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான்தான் அழுத்துகிறேன் என்று தெரிந்தும் அப்படித்தான் சொன்னாள். சனிக்கிழமை கடை ஆள் மூட்டையோடு வந்தபோது முதல் அழுத்திலேயே கதவு திறந்தது. அவர் பயந்துபோய் ஒரு படி பின்னால் போனாராம்.

நீ சொல்லாதே என்றதை நான் காப்பாற்றவில்லை. உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். வாயசைவில் அவளுக்கு முதலில் புரியவில்லை. "யாரு வந்தா?" என்று நான்கு முறை கேட்டாள். சிலேட்டில் எழுதினேன். படித்தாள். "மெலிஞ்சிருந்தாளா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? முடியை வெட்டிவிட்டாய் என்று மட்டும் எழுதினேன். அதற்குக் கொஞ்ச நேரம் உன்னைத் திட்டினாள். பிறகு துணியைக் கையில் வைத்துக்கொண்டு தைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பேசும் சத்தம் அவளுக்கே தெரியாது என்பதை நான் மறந்துவிட்டேன். சமையலறையில் பேசியது கூடத்தில் நாற்காலி வரைக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் பள்ளி விட்டு வந்தால் ஜன்னலில் திரை இல்லை. அப்பா கழற்றித் துவைத்து, மடித்து, பரணில் போட்டுவிட்டார். "ஏம்பா, தெருவே வீட்டுக்குள்ள தெரியுது" என்றேன்.

"தெரியட்டும்" என்றார்.

"இனி வாசல்ல வந்து நிக்காதேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நிக்காதேன்னுதான சொன்னேன். உள்ள வராதேன்னா சொன்னேன்?"

இது சமாளிப்பு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார், ஆனால் பக்கம் புரட்டவே இல்லை.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 27

ஏன்பாப்பாவுக்கு,

திட்டியது சரிதான். கிழிக்காமல் அனுப்பியதும் சரி.

தட்டாததற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. பொத்தானை அழுத்துவது, நான் செய்த பொருளோடு பேசுவது. தட்டினால் அப்பாவிடம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

விளக்கைப் பற்றி. நீ அழுத்தி மின்னியது, கடை ஆள் அழுத்தி மின்னியது. ஆனாலும் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சூழ்நிலையில் பிழை வந்ததோ, அதே சூழ்நிலையில் மறுபடி ஓட்டிப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று எழுதக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், அதே நாற்காலி, அதே பேப்பர், அதே ஆள். அந்தச் சோதனையை உன்னால் செய்ய முடியாது.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. கிடைத்தாலும் வண்டி ஏறுவேனா என்று எனக்கே தெரியாது. அதனால் யாரிடமும் சொல்லாதே. இந்த முறையாவது சொல்லாதே.

நான் மெலியவில்லை என்று அம்மாவிடம் சொல்லலாம்.

அக்கா

*

செப்டம்பர் 15, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உன்னை வண்டி ஏற்றிவிட்டு வந்ததும் எழுத நினைத்தேன். அப்பா நாற்காலியின் இடது கையை ஒருவழியாகச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார், ஆணி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்த நாளெல்லாம் நீ பேசிக்கொண்டே இருந்தாய், அம்மா உன் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றைச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. போன ஞாயிறு சோதனை நடந்தபோது நீ வெளியே இருந்தாய். அம்மாவிடம் நான் சொன்னது போல ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. ஆகவே அறிக்கை எழுதுகிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நூலகத்துக்குப் போகவில்லை. அதுவே அவர்களுக்குச் சந்தேகமாக இருந்திருக்கும்.

அப்பா பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விளக்கு மின்னியது. இரண்டுமே, ஒரே நேரத்தில். அப்பா பேப்பரைத் தழைத்தார். திரை இல்லாத ஜன்னலில் உன் தோளும் பையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை, தூண் மறைத்தது. அவர் எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை. உள்ளறைக்கு ஓடினார். என்ன இது என்று பின்னால் ஓடினேன். சட்டை தேடிக்கொண்டிருந்தார். "பனியனோடவா போய்த் திறப்பாங்க?" என்று என்னைத்தான் திட்டினார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். நீ இரண்டாம் முறை அழுத்தினாய். "எரியுது எரியுது, தெரியுது" என்று விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு நீ தட்டினாய்.

கூடத்துக்கு வந்தேன். எனக்கு முன்னால் அம்மா கதவுக்குப் போய்விட்டிருந்தாள். தாழ்ப்பாளில் ஒரு கை. இன்னொரு உள்ளங்கையைக் கதவின் மேல் விரித்து அழுத்தி வைத்திருந்தாள். நீ தட்டியது அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் பலகை வழியாகக் கைக்கு வந்திருக்கிறது. "தொறம்மா!" என்று கத்தினேன். அது அவளுக்கு எப்படிக் கேட்கும்? அவள் திறக்கவில்லை. கையை எடுக்காமல், அசையாமல் நின்றாள்.

வெளியே நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் திறக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பாய். திரும்பி ஒரு படி இறங்கியிருப்பாயோ என்றுகூட நான் பயந்தேன்.

நீ இன்னொரு முறை தட்டுவாய் என்று அவள் காத்திருந்தாள், அக்கா.

நீ தட்டினாய். அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.

உன் தங்கை